வீட்டில் ஒரு துணியும் வீணாகவில்லை

எடை குறைக்கிறவர்கள் புதுத் துணி வாங்கக் கூடாது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எதைச் சாப்பிடலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று ஊரே வகுப்பெடுக்கும். இளைத்துக்கொண்டே போகிற உடம்பை எதைப் போட்டு மூடுவது என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இன்றைக்குக் கச்சிதமாக இருக்கிற பேன்ட் கொஞ்ச நாளில் இடுப்பில் நிற்காது. அதைக் காசு கொடுத்து வாங்குவது, ரயில் நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் வீடு வாங்குவது மாதிரி.

நான் சிக்கனமான பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பேராசைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

எனக்கு முட்டி வலி. மருத்துவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எடையைக் குறையுங்கள் என்றார். ரோஷம் வந்துவிட்டது. குறைத்தேன். வெண்ணெயை விட்டேன், சர்க்கரையை விட்டேன், வறுத்தது பொரித்தது எல்லாவற்றையும் விட்டேன். முட்டி வலி போயிற்று. அதோடு என் துணிகள் எல்லாம் என்னை விட்டுப் போகத் தொடங்கின.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பாவாடைகளை முன்னுக்குக் கொண்டுவந்தேன். தொளதொளத்த சட்டைகளுக்கு மேல் பெல்ட் கட்டினேன். அப்புறம் எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் போனேன். பேன்ட்டை ஒரு தடவை பிடித்துக் கொடுத்தார், இன்னொரு தடவையும் பிடித்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல பிடிச்சா பின்னால பாக்கெட் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்து நலம் விசாரிக்கும்மா. வேற வாங்கிக்கோங்க."

வேறு வாங்குவதாவது. என் கணவர் ஒரு ரகம். காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது என் சட்டையின் தோளில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். சிரித்துவிட்டு நானும், "வெளிய போயிருக்காங்க, சாயங்காலம் வாங்க" என்பேன். நல்ல மனிதர். கிண்டலுக்குக் காசு கேட்க மாட்டார், துணிக்குக் கொடுக்கவும் மாட்டார்.

நான் வேலை பார்ப்பது ஒரு கண் மருத்துவமனையின் முன்மேசையில். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருப்பார்கள். அவர்களுக்கு நானும் ஒன்றுதான், பக்கத்தில் இருக்கிற தண்ணீர் டிரம்மும் ஒன்றுதான். அதனால் பல வருடங்களாக என்ன உடுத்துகிறோம் என்ற கவலையே எனக்கு இருந்ததில்லை.

இனி சிட்டுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். அவள் விமானப் பணிப்பெண். பிடித்து வைக்காவிட்டால் மின்விசிறிக் காற்றில் பறந்துவிடுவாள் போலிருப்பாள், அதனால் வீட்டில் அவளுக்குச் சிட்டு என்றே பெயராகிவிட்டது. போகிற ஊரில் எல்லாம் துணி வாங்குவாள். அவளுடைய அலமாரியைத் திறந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், புதுத் துணியும் பணமும் சேர்ந்த வாசனை. சமையல் என் பொறுப்பு. அவள் வானத்தில் இருக்கும்போது அடுப்பைப் பார்க்க முடியாதே.

ஒரு விடுமுறை முடிந்து சிட்டு லேசாகச் சதை போட்டு வந்தாள். ஒரு நீலச் சட்டையின் பொத்தான் அவளுக்குப் பூட்ட வரவில்லை. இழுத்துப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதை நீங்க போட்டுக்கோங்க. எனக்கு ஆகல."

போட்டுக்கொண்டேன். எனக்கென்றே தைத்ததுபோல இருந்தது. அடுத்த நாள் மருத்துவமனைக்கு ஒரு பெரியவர் வந்தார். வருடக்கணக்காக என்னிடம் சீட்டு வாங்குகிறவர். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க புதுசா சேந்திருக்கீங்களா? முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்க எங்க?"

"அவங்க போயிட்டாங்க," என்றேன்.

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒருவர் நின்று என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க எப்படி ஓட்டுவது? மீதியெல்லாம் சிட்டுவின் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குச் சரியாக இருக்கும், அவளுக்கும் சரியாக இருந்தது. சிக்கல் அங்கேதான்.

நான் எதையும் திருடவில்லை. கேட்கவும் இல்லை. சமைத்தேன்.

அவள் குடிக்கிற சூப்பில் வெண்ணெய் போட்டேன். மிக்சியில் நன்றாக அடித்துவிட்டால் வெண்ணெய் தனியாகத் தெரியாது, சூப்பு வழவழவென்று வரும். வேகவைத்த காய்கறியைப் பாலேட்டில் ஒரு புரட்டு. கொழுப்பு நீக்கிய பால் டப்பாவில் கெட்டிப் பால். யோசித்துப் பார்த்தால், நான் சாப்பிடாமல் விட்ட பங்குதான் அது. கடையில் ஒரு கரண்டிகூட அதிகமாக வாங்கவில்லை. வீட்டில் இருந்த கொழுப்பு வீட்டிலேயே இருந்தது, ஆள்தான் மாறியது.

"எப்படிக்கா ஒண்ணுமே போடாம இவ்ளோ ருசியா பண்றீங்க?" என்று கேட்டாள்.

"கைப்பக்குவம்," என்றேன்.

ஒவ்வொரு துணியாக வரத் தொடங்கியது. சாம்பல் நிறப் பேன்ட். கோடு போட்ட கோட்டு. பித்தளைப் பொத்தான் வைத்த ஒன்று, அதைப் போட்டுக்கொண்டு போன அன்று கண் மருத்துவரே தலை நிமிர்ந்து வணக்கம் சொன்னார். சிட்டுவுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டேன். வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் அதிகமாகிப் போய்த் துணி சுருங்குகிறது என்றேன். அவளும் மெஷினைத் திட்டினாள். குளியலறையில் இருக்கிற எடை பார்க்கும் மெஷினுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதைத் திருப்பினால் முள் தள்ளி நிற்கும். நான் திருப்பி வைத்தேன். பாவம், தினமும் காலையில் அதில் ஏறி நின்று நிம்மதியாக இறங்குவாள். ஒரு பெண்ணுக்குக் காலையில் அந்த நிம்மதி கிடைப்பது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியாதா.

என் பழைய துணிகளையும் வீணாக்கவில்லை. தையல்காரர் கைவைக்காத பெரிய சட்டைகளை மடித்து, வீட்டில் போட்டுக்கொள்ள அவளுக்குக் கொடுத்தேன். "எவ்ளோ காத்தோட்டமா இருக்குக்கா" என்று சுற்றிக் காட்டினாள். எங்கள் வீட்டில் அப்போது எல்லோருக்கும் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு அவளுடைய கம்பெனியில் உடல் பரிசோதனை வந்தது. அவர்கள் மெஷின் வேறு கணக்குச் சொன்னது. சிட்டுவைப் பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்தார்கள். டிக்கெட் கவுன்டரில் வேலை. கொடுத்த கெடுவுக்குள் எடையை இறக்கினால் மறுபடி விமானம், இல்லையென்றால் வேலையே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது பொய்யில்லை. அவளுக்கு விமானம் என்றால் உயிர். மேகத்துக்கு மேலே சூரியன் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்குத்தான் சம்பளமே தருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "அழாதே, சூப்பு குடி" என்றேன்.

முதல் வேலையாக எடை மெஷினின் சக்கரத்தைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். பொய் சொல்கிற பொருளை வீட்டில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. வெண்ணெயையும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் நிறுத்தியும் பார்த்தேன். ஒரு கிலோ இறங்கியது. சிட்டு துள்ளிக் குதித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இறங்க ஆரம்பிச்சிடுச்சுக்கா. உஷாரா இருங்க. எல்லாத்தையும் ஒவ்வொண்ணா திருப்பிக் கேக்கப் போறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நீங்களே சொல்லுங்கள், நான் எங்கே போவேன்? என் பழைய துணிகள் அவளிடம். அவள் துணிகள் திரும்பிப் போய்விட்டால் நான் மறுபடி பெல்ட் கட்டிக்கொண்டு, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இன்னொரு டிரம்மாக உட்கார வேண்டும். இந்த வயதில் அதை என்னால் தாங்க முடியாது. அவளுக்கு என்ன, சின்னப் பெண், ஆயிரம் வேலை கிடைக்கும். அன்று சாயங்காலமே வெண்ணெயைத் தொடர்ந்தேன். முன்னைவிடக் கொஞ்சம் தாராளமாக.

கம்பெனியின் உணவு ஆலோசகர் கொடுத்த அட்டவணையை சிட்டு அப்படியே கடைப்பிடித்தாள். ஒரு பருக்கை கூடுதலாகத் தொடவில்லை. எங்கள் அடுக்குமாடியின் படிகளில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கணுக்கால் வீங்கிப்போனது. ஏறும்போது முணுமுணுப்பாள். ஒருநாள் காய்கறிப் பையோடு அவளுக்குப் பின்னால் ஏறினேன், அப்போதுதான் காதில் விழுந்தது. இருக்கைப் பட்டையை அணிந்துகொள்ளுங்கள், இன்னும் சிறிது நேரத்தில் தரை இறங்கப்போகிறோம் என்று பயணிகளுக்குச் சொல்வதையெல்லாம் மறந்துபோகாமல் இருக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு சூப்பில் அவளுக்குப் பிடித்த மிளகு நிறையப் போட்டேன்.

முள் ஏறிக்கொண்டே போனது. என் கொழுந்தன் அவளைத் திட்டத் தொடங்கினான். "எங்கயோ ஒளிஞ்சு திங்கறே நீ" என்றான். இல்லவே இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். பிறகு அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "தூக்கத்துல ஏதாவது எழுந்து சாப்பிடறேனாக்கா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். இருக்கலாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்வது என் பழக்கமில்லை.

கெடு முடிந்தது. கடைசிப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். கொழுந்தன் கோபத்தில் வரமாட்டேன் என்றான், அதனால் நான் போனேன். கிளம்பும்போது சிட்டு அவளுடைய பட்டு மேல்சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள், வெளிர் ரோஜா நிறம்.

"கம்பெனி டாக்டரைப் பாக்கப் போறோம், இதைப் போட்டுக்கிட்டு வாங்கக்கா. உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

மருத்துவர் வயதான பெண்மணி. சிட்டுவைச் சோதித்துவிட்டு வெளியே உட்கார வைத்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ரத்தம், தைராய்டு எல்லாம் பாத்தாச்சு, உடம்புல எந்தக் கோளாறும் இல்ல. அட்டவணைப்படிதான் சாப்பிடறேன்னு அந்தப் பொண்ணு அடிச்சுச் சொல்லுது. எனக்கும் நம்பணும்னு ஆசையா இருக்கு. நீங்கதானே சமைக்கறீங்க? நீங்க சொல்றதை வெச்சு இன்னும் மூணு மாசம் வாங்கித் தரேன். வீட்ல என்னதான் நடக்குது?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் நான் உங்களிடம் இவ்வளவு நேரம் சொன்னது. வீட்டில் என்ன நடக்கிறது என்றால், நான்தான். சூப்பும் நான்தான், பாலும் நான்தான், குளியலறைச் சக்கரமும் நான்தான். ஆனால் இவ்வளவையும் உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் ஏது? வெளியே ஒரு வரிசையே காத்திருந்தது.

"என்ன சொல்றது டாக்டர்," என்றேன். "நல்ல பொண்ணு. ஆனா யாரும் இல்லாத நேரமா பாத்து ஒளிஞ்சு சாப்பிடறா. நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கேன். கேட்டா மனசு கஷ்டப்படுவா இல்ல?"

மருத்துவர் பெருமூச்சு விட்டார். கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்.

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே சிட்டுவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து என் தோளில் சாய்ந்தாள். "நீங்களாவது என்னை நம்பறீங்கல்லக்கா?" என்று கேட்டு, அவ்வளவு பெரிய வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, விம்மி விம்மி அழுதாள்.

"நம்பறேன்டி தங்கம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் ஒரு வாய்கூடக் கூடுதலாகச் சாப்பிடவில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? முதுகைத் தடவிக் கொடுத்து, அழுது தீர்க்கட்டும் என்று அப்படியே நின்றேன். பட்டில் தண்ணீர் பட்டால் திட்டு விழும், எந்தச் சலவையிலும் போகாது. அதனால் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, அவள் கண்ணுக்கும் என் தோளுக்கும் நடுவில் வைத்தேன்.