ஏழாம் அடிக்குறிப்புக்கு ஒரு திருத்தம்

தலைக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று ஒரு நாட்டின் உணவையே கிராமில் நிறுத்துக் காட்டிய எங்கள் பிரிவுத் தலைவி அவர்களே! முப்பத்திரண்டு ஆண்டுகள் மூன்றாம் மாடி மூலையறையில், முனகும் மின்விசிறியின் கீழ், முகம் சுளிக்காது உழைத்த முத்தே! கோப்பில் உங்களுக்குப் பெரிய பதவிப்பெயர் இருந்தாலும் எங்கள் வாயில் என்றும் "கிராம் அக்கா"வே! உணவு வழங்கல் புள்ளிவிவரப் பிரிவின் ஊழியர்கள் நாங்கள், பணி நிறைவு பெறும் உங்களைப் பணிந்து வணங்குகிறோம்.

விளைந்ததோடு வந்ததைக் கூட்டி, வெளியே போனதையும் வீணானதையும் கழித்து, மிஞ்சியதை மக்கள் தொகையால் வகுப்பது நம் வேலை. "இது சாப்பிட்ட கணக்கு இல்லப்பா, சாப்பிடக் கிடைச்ச கணக்கு. ரெண்டையும் குழப்பினா என்கிட்ட வராத" என்பது புதிதாய்ச் சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை.

குளிர்பானத் தொழிற்சாலைக்குப் போகும் சர்க்கரையை அட்டவணையில் சேர்க்க வேண்டாமே என்று மேலிடம் இழுத்தபோது, "பாட்டில்ல ஊத்தினாலும் குடிக்கிறது நம்ம ஜனங்கதானே சார்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தீர்கள். நாற்பத்தெட்டு கிராமில் இருந்த சர்க்கரைக் கோடு எழுபத்தொன்றுக்கு ஏறியதை நாடு அறிந்தது அந்தப் பிடிவாதத்தால். அலுவலகப் பிறந்தநாள் கேக்கைக் காகிதம் போல் மெலிதாய் நறுக்கி நீட்டுவீர்கள். பின்னால் முணுமுணுத்தோம், ஒப்புக்கொள்கிறோம். இன்று உங்கள் முன்னிருக்கும் கேக்கை நாங்களே வெட்டுவதாக ஏற்பாடு.

புரதக் கோட்டின் கதைதான் சொல்லக் கடினமானது. மூன்றே ஆண்டில் ஐம்பத்தெட்டு கிராம் அறுபத்திரண்டானது. எல்லோரும் கைதட்டினார்கள். புரதம் பெருகிவிட்டதென்று பள்ளிப் பிள்ளைகளின் மதிய முட்டையை வாரம் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். உங்களுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பால்பவுடர் ஆலைக்கே நேரில் போனீர்கள். "பவுடரெல்லாம் நம்மூர்ப் பால்தாங்க, வெளியில இருந்து எங்க வருது?" என்றார் கிடங்குக்காரர். பாலாக ஒருமுறை எண்ணியதையே, பவுடராகி வந்ததும் புதுப்பால் என்று இன்னொரு முறை எண்ணியிருந்தோம். கூடியதாகச் சொன்ன நாலு கிராமும் காற்று.

யார் செய்தது என்று இயக்குநர் கேட்டார். "கையெழுத்து என்னுது, தப்பும் என்னுது" என்றீர்கள். அடுத்த பருவத்தில் முட்டை ஐந்து நாளும் திரும்பி வந்தது. உங்களுக்கு வரவேண்டிய துணை இயக்குநர் பதவி வரவேயில்லை. "பால்பவுடர் இருமுறை எண்ணப்பட்டது, பிழை பிரிவுத் தலைவருடையது" என்ற ஏழாம் அடிக்குறிப்பு ஒன்பது ஆண்டுகளாக அட்டவணைக்கு அடியில் அச்சாகி வருகிறது.

அக்கா, இதுவரை "நாங்கள்" என்று வாசித்தேன். இனி அது சரிப்படாது. பால்பவுடரை இருமுறை எண்ணிய அந்தப் பதிவுத்தாளை எழுதிய கை, இந்த மடலைப் பிடித்திருக்கும் கைதான். அன்று நான் தற்காலிகப் பதிவாளன். என் எழுத்தை அடையாளம் கண்டு, தாளை மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டு, "அடுத்த மாசம் உன் வீட்டுல பிரசவம். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றீர்கள். வாயை மூடிக்கொண்டேன். வேலை நிரந்தரமானது, மகள் பிறந்தாள், பள்ளிக்கும் போனாள். அங்கே அவள் சாப்பிடும் முட்டை உங்களால் கிடைப்பது. நாளை உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறவனும் நான்தான்.

நேற்று இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நாற்காலி எனக்கா, வேறொருவருக்கா என்பது இனி அவர் பாடு. நீங்கள் கோபப்படுவீர்கள், தெரியும். ஆனால் "தப்பு நம்பர் போன இடத்துக்கெல்லாம் திருத்தமும் போகணும்" என்று எங்களை விரட்டியவர் நீங்கள்தானே.

நோய் அணுகா உடலும் நோவு அணுகா உள்ளமும் பெற்று, கண் கூசும் அட்டவணைகள் இல்லாத காலைகள் பல்லாண்டு கண்டு, பேரன் பேத்தியர் தட்டை மட்டும் அளந்தபடி நீங்கள் வாழ வேண்டும். நம் ஆண்டறிக்கை போகும் முந்நூற்று நாற்பது முகவரிக்கும் இன்று காலைத் தபாலில் ஒரு தாள் போயிருக்கிறது. அதன் நகலைத்தான் இந்தக் கண்ணாடிச் சட்டத்தில் மடலுக்கு அடியில் ஒட்டியிருக்கிறோம்:

"திருத்தம், அடிக்குறிப்பு 7: பிழை, பதிவு செய்தவருடையது. கண்டுபிடித்தவர் பிரிவுத் தலைவர்."

இங்ஙனம்,
பதிவு செய்தவனும், பிரிவின் ஊழியர் பதினொருவரும்