தொட்டில்

பிள்ளையார்குப்பம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பக்கத்தில் யூனிஃபார்மில் ஒரு நர்ஸ். அந்தப் பெண் கையிலிருந்த பாட்டிலைக் காட்டினாள்.

“கிரைப் வாட்டர்னு போட்டிருக்கே, கிரைப்னா இன்னாக்கா?”

“சும்மா சும்மா குறை சொல்றதை இங்கிலீஷ்ல அப்டிச் சொல்வாங்க. வயித்து வலிக்கும் அதே பேருதான். மொதல்ல இறுக்கிப் புடிக்கிறதுக்குத்தான் அந்த வார்த்தை இருந்துச்சாம்.”

“சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க. வயித்துல விரல் பதிஞ்சிருக்கு, பாருங்க.”

நர்ஸ் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“உன் கையா?”

“என் விரல் பெருசுக்கா. மூத்தவன் விரல்தான் இத்தினி இருக்கும்.”

“அவனைக் கண்டிக்கக் கூடாதா?”

“அவன் போன வருஷமே செத்துப் பூட்டான்கா. அவன் தொட்டில்லதான் இவனைப் போட்டிருக்கேன். அவனுக்கும் குறை இருக்கும்ல?”