ஐந்து இருபது வண்டியும் எட்டு நிமிட வீடும்

நகர வீட்டுவசதி அலுவலகத்தின் வாடகை ஒதுக்கீட்டுப் பிரிவை முப்பத்தோரு ஆண்டுகள் தோளில் சுமந்தவரே, கோப்பில் கனிவும் குரலில் கண்டிப்பும் கொண்ட கண்காணிப்பாளரே, எங்களால் அன்போடும் அதைவிட அலுப்போடும் ‘அஞ்சு இருபது அண்ணன்’ என்று அழைக்கப்படுபவரே, உங்கள் பணி ஓய்வு விழாவில் எங்கள் வணக்கம்.

இதற்குள் உங்கள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிருக்கும். ஐந்து இருபது ரயில் வண்டியைத் தவறவிடக் கூடாதென்று நீங்களே பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்த கடிகாரம் அது. நாலே முக்கால்தான் காட்டுகிறது. நிம்மதியாக உட்காருங்கள்.

புறநகரிலிருந்து போகவும் வரவும் தினம் மூன்றரை மணி நேரம். கூட்டிப் பார்த்தோம் ஐயா, இரவும் பகலுமாக மூன்று முழு ஆண்டுகளை ரயிலில் கழித்திருக்கிறீர்கள். நம் தட்டச்சரின் திருமண வரவேற்பில், மணமக்கள் மேடைக்கு வருமுன்பே பரிசை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினீர்கள். பக்கத்துத் தெருவில் ஊழியர் குடியிருப்பு மூன்று முறை தேடி வந்தது. “எனக்கு மரம் வேணும்ப்பா. இங்க ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சண்டைதான் கேக்குது” என்று மறுத்தீர்கள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்பும் நீங்கள், அந்த மரத்தை ஞாயிற்றுக்கிழமை தவிர வெளிச்சத்தில் பார்த்ததுண்டா?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம், காரணம் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், தனியாக வாழ்ந்த ஒரு செவிலியர் வாடகை விண்ணப்பத்தோடு உங்கள் மேசை முன் நின்றார். ‘தந்தை அல்லது கணவரின் கையெழுத்து’ என்ற வரியில் போடுவதற்கு அவருக்கு ஆளில்லை. “சம்பாதிக்கிறது அவங்க. இன்னொருத்தர் கையெழுத்து எதுக்கு?” என்று சிவப்பு மையால் அந்த வரியை அடித்தீர்கள். அடித்தது நிலைக்க, மேலிடத்தோடு ஏழு மாதம் மல்லுக்கு நின்றீர்கள். பிறகு பெண் நடத்துநர்கள் வந்தார்கள், ஆசிரியைகள் வந்தார்கள், இரண்டு குழந்தைகளோடு தனித்து நின்ற தாய் வந்தார். பழைய கிடங்குகள் இருந்த தெருவில் குழந்தைகள் காப்பகமும் மாலைக் கல்லூரியும் முளைத்தன. பெண்கள் தங்கள் பெயரிலேயே சாவி வாங்கும் ஊராக இது மாறியது.

அதே விண்ணப்பத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் மகளும் தன் கையெழுத்தை மட்டும் போட்டு, இங்கிருந்து எட்டு நிமிட நடையில் வீடு எடுத்தார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக்கை நாலு ஆண்டுகளுக்கு முன் விரும்பி மணந்தார். “டவுன் என் பொண்ணை மாத்திடுச்சு” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். மாற்றியது உண்மைதான். அந்த டவுனை மாற்றியது யார் ஐயா?

வெள்ளிக்கிழமை மதியம் பேரனோடு மகள் வரும்போது, கீழே டீக்கடையில் கொஞ்சுகிறீர்கள். “வீட்டுக்கு வாங்கப்பா” என்றால், “வண்டி போயிடும்மா, இன்னொரு நாள்” என்கிறீர்கள். நாலு வருடமாக அந்த இன்னொரு நாள் வரவில்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்கே சலித்துவிட்டது. இரண்டு வயதுப் பேரன் உங்களை ‘டீக்கடைத் தாத்தா’ என்றே அழைக்கிறான்.

ஆகவே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். மதியம் நீங்கள் மேலதிகாரியைப் பார்க்கப் போயிருந்தபோது, கடிகாரத்தை முக்கால் மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டோம். இம்மடலின் முதல் வரியை வாசித்தபோதே உங்கள் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த வண்டியை நினைக்க வேண்டாம். உங்கள் துணைவியார் மதியத்திலிருந்தே மகள் வீட்டில்தான் இருக்கிறார், வீட்டுச் சாவியும் அவரிடம்தான். கடைசி வரிசையில் உங்கள் மருமகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மகளின் மூன்றாம் மாடி வீட்டுக்கு லிஃப்ட் ஓடுகிறது, அதற்கு அவர் பொறுப்பு.

நீங்கள் நோயின்றி நூறாண்டு வாழ வேண்டும், உங்கள் மரத்தைப் பகலிலும் பார்க்க வேண்டும். இத்தனை அடைமொழிகளைச் சூட்டிய நாங்கள், ஒன்றே ஒன்றை இன்று எடுத்துவிட விரும்புகிறோம். ‘டீக்கடை’ போகட்டும். தாத்தா என்பதே போதும்.

உங்களால் அலுத்தும், உங்களைப் பிரிய மனமின்றியும்,
வாடகை ஒதுக்கீட்டுப் பிரிவு ஊழியர்கள்