கம்பளிக்குள் புழு

சத்தமாகப் பேசும் ஆட்களை எனக்குப் பிடிக்காது; முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். காது வைத்தியன் இதைச் சொல்வது வேடிக்கைதான். அரைச்செவிடர்களை வைத்துத்தான் நான் வயிறு வளர்த்தேன்.

காது வலிக்கு ஒரு வித்தை உண்டு; கிரேக்கத்தில், எங்கள் கோஸ் தீவில், எல்லா வைத்தியருக்கும் அது தெரியும். வலிக்கும் காதில் வெதுவெதுப்பாக எண்ணெய் விடுவோம். உள்ளங்கையில் கம்பளி மயிரை வைத்துக் காதோடு அமுக்கி எடுத்து, ஏதோ வெளியே வந்துவிட்டது என்போம். நோயாளி பார்ப்பதற்குள் கம்பளி தீயில் விழுந்துவிடும். பாதிப் பேருக்கு வலி போய்விடும்.

எர்கினோஸ் கடற்பஞ்சு எடுக்க மூழ்குகிறவன். அவன் வந்த அன்று வாசலில் கூட்டம் நின்றது. அதனால் கம்பளிக்குள் ஒரு புழுவையும் வைத்தேன். அது என் சொந்தச் சரக்கு. எல்லோருக்கும் காட்டிவிட்டுத் தீயில் போட்டேன். கைதட்டினார்கள். நாடக மேடைக்குப் போகவேண்டியவன் வழிதவறி வைத்தியத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து எர்கினோஸ் மறுபடி வந்தான். காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. எதிரே வைத்தியசாலை வைத்திருக்கும் டெய்னோன் தெருவில் வைத்தே அதைத் தொட்டுப் பார்த்தான்.

"உள்ள சீழ் கட்டியிருக்குப்பா. இன்னிக்கே கீறி விட்டா பொழைச்சுக்குவே. காதுல என்ன அத்திப்பழமா வச்சிருக்கே, புழு வைக்க?"

கூட்டம் சிரித்தது. எர்கினோஸ் என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. கீறிக்கட்டுமா?"

டெய்னோன் சொன்னது சரி. விரல் வைத்ததுமே எனக்கும் தெரிந்தது. ஆனால் சீழ் என்று ஒப்புக்கொண்டால், புழு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

"வேணாம் தம்பி. இன்னொரு புழு இருக்கு. நான் பாத்துக்கறேன்."

அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. என் வைத்தியசாலையிலேயே படுக்கவைத்தேன். கத்தினால் டெய்னோன் வந்துவிடுவான். திராட்சை மதுவில் அபின் கலந்து கொடுத்தேன். விழித்தபோதெல்லாம் கொடுத்தேன். டெய்னோனைக் கூப்பிடச் சொல்லி ஒருமுறை என் கையைப் பிடித்தான். அப்போது கூடுதலாகக் கொடுத்தேன். வலி அடங்கியது. பிறகு மூச்சும்.

அவன் மனைவி மிர்ட்டோ, டெய்னோனிடம் விசாரிக்கப் புறப்பட்டவள், முதலில் என்னிடம் வந்தாள்.

"நான்தான் அன்னிக்கு அவருக்குத் தலைக்கு ஊத்தி விட்டேன் அண்ணே. காதுல தண்ணி போயிருக்குமோ?"

பாதி வாழ்நாளைக் கடலடியில் கழித்தவன் அவள் புருஷன்.

"இருக்கும்மா," என்றேன். "அதான் காரணம்."

அவள் டெய்னோனிடம் போகவில்லை. தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அவளிடம் நான் கூலி வாங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.