உர்சுலா டீச்சரின் இரண்டாவது நாவல்

காப்பியில் சீனி கொஞ்சம் அதிகம், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். டீச்சர் மகள் லூசி என்மேல் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. சின்னப் பெண்.

ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றபின், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்க நூலகத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டேன். எண்பத்தைந்தாம் வருடம் செயற்குழு புத்தக மானியத்தை நிறுத்தியது. ஆண்டு விருந்துக்குப் பந்தல் அவசியம். புத்தகம் இல்லாமல் யாரும் செத்ததில்லை என்றார்கள். நியாயம்தான். எனவே, கிள்ளான் உர்சுலா டீச்சர் சொந்தச் செலவில் அச்சடித்த நாவலை ஒருவரிடம் இரவல் வாங்கி, நாற்பது போட்டோஸ்டேட் எடுத்து வாசகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தேன்.

டீச்சர் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"அண்ணே, ஐந்நூறு புக்கு கட்டிலுக்கு அடியில கிடக்கு. நீங்க சும்மா கொடுத்தா யார்லா வாங்குவாங்க?"

"அறிவு பொதுச்சொத்து, டீச்சர்," என்றேன்.

அழுதார். ஆனாலும் பிழை திருத்த என்னைவிட்டால் அவருக்கு ஆளில்லை. மறுவருடம் இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை என்னிடமே கொடுத்தார். இருந்தது அது ஒன்றுதான். "இதை மட்டும் காப்பி எடுத்திடாதீங்க, அண்ணே."

எடுக்கவில்லை. கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை.

மூன்றாம் மாதம் டீச்சருக்குப் பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. நல்லதொரு நாவல் அநாதையாக நிற்கலாமா? என் பெயரைக் கொடுத்தேன். கையெழுத்துப் பிரதியை அச்சான பிறகுதான் எரித்தேன். இரண்டு இருந்தால் வாசகர் குழம்புவார்கள். 'அனுமதியின்றி நகலெடுப்பது குற்றம்' என்று முதல் பக்கத்தில் போடச் சொன்னதும் நான்தான். காலம் கெட்டுக் கிடக்கிறது பாருங்கள்.

சங்கம் பொன்னாடை போர்த்தியது. அந்தப் பந்தலும் ஒருநாள் இலக்கியத்துக்குப் பயன்பட்டது.

டீச்சரின் பழைய நோட்டில் இந்த நாவலின் நாலு அத்தியாயம் கிடைத்ததாக லூசி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அவளுடைய அம்மாவை நான் மறக்கவில்லை. விழா முடிந்த வாரமே நான் கையெழுத்திட்ட அச்சுப் பிரதியோடு கிள்ளானுக்குப் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன்.

"அம்மா ஏன் அங்கிள் இப்படி அழுறாங்க? இடது கையால புக்கைப் பிராண்டுறாங்க," என்றாள் லூசி.

நல்ல எழுத்து மனிதரை அப்படித்தான் உலுக்கும் என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். பிறகு இரண்டாம் அத்தியாயத்தையும் வாசித்தேன்.