செவ்வாய்க்கிழமைப் புயல்

—முடியாதுங்க ஐயா. செவ்வாய்க்கிழமை சூரியன்லேர்ந்து வந்த காந்தப் புயலை வரலேன்னு நான் எப்படி ரேடியோவுல சொல்றது?

—வாயாலதான் சொல்லணும், ரிம்மா. சூரியன் சும்மா இருந்துச்சு, பூமி சும்மா இருந்துச்சு, எங்க வானிலை நிலையம்தான் உளறிடுச்சுன்னு சொல்லு.

—யெவ்தோகிம் ஐயா... முதல்ல அந்தக் கம்பளித் தொப்பியைக் கழட்டிட்டு உட்காருங்க. டீ தரேன்.

—நின்னுக்கிட்டே பேசுறேன். எங்க சாவ்யாலவ் குடும்பம் இப்போ உட்கார்ற நிலைமையில இல்ல.

—அப்படி என்னதான் ஆச்சு?

—இந்த ஊர்ல காந்தப் புயல் வந்தா முதல்ல யார் உடம்புக்குத் தெரியும்?

—உங்களுக்குத்தான்.

—எங்க அப்பாவுக்குக் காது அடைக்கும். அத்தைக்குப் பல்லு கூசும். எனக்கு முழங்கால். ஒரு புயலைக்கூட நாங்க தவறவிட்டதில்ல! தினமும் காலையில உனக்கு ஃபோன் பண்ணிச் சொல்றேனா இல்லையா?

—சொல்றீங்க. வலிக்கு முழங்கால்ல முட்டைக்கோஸ் இலை வச்சுக் கட்டினது வரைக்கும் சொல்றீங்க.

—செவ்வாய்க்கிழமை...

—ஃபோன் வரல.

—கிராமத்துல சம்பந்தி வீட்டுல இருந்தேன். பேத்திக்கு நிச்சயம். அங்க ஃபோனும் எடுக்காது, ரேடியோவும் எடுக்காது. நீராவிக் குளியல் போடலாமான்னான் சம்பந்தி க்ளெப். போட்டேன்.

—புயல் அன்னிக்கா!

—குறுக்க பேசாத. பனியில குதிச்சேன். அப்புறம் அக்கார்டியன் வாசிச்சாங்க...

—ஆடினீங்களா?

—...கொஞ்சம்.

—நின்னுக்கிட்டா, குந்திக்கிட்டா?

—குந்தித்தான். அக்கார்டியனுக்கு வேற எப்படி ஆடுவாங்க?

—ஐயோ, அந்த முழங்காலை மடக்கியா!

—மறுநாள் க்ளெப் டவுனுக்கு வந்து விஷயத்தைக் கேட்டுட்டான். ‘ஊரே புயல்ல படுத்துக் கிடக்கு, பெரிசு எங்க வீட்டுல எகிறி எகிறி ஆடுது! பரம்பரை பரம்பரையா நடிப்பா?’ன்னு சிரிக்கிறான். ஞாயித்துக்கிழமை கல்யாண விருந்து. அவன் எதிர்ல எப்படிம்மா உட்காருவேன்? புயலை வாபஸ் வாங்கு.

—கருவி காட்டினதை நான் எப்படி...

—கருவியைக் காட்டு. நானே கேட்டுக்கிறேன்.

—அந்த அறை பூட்டியிருக்கு.

—திற.

—உள்ள குளிரா இருக்கும்.

—சைபீரியாக்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது?

—ஐயா... வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க. உள்ள கருவியே இல்ல. புத்தாண்டுக்கு முன்னாடி ரிப்பேருக்குப் போனது, இன்னும் வரல.

—அப்போ இத்தனை நாளா எதைப் பார்த்துப் புயல் சொன்ன?

—உங்க முழங்காலை.

—என்...!

—காலையில வலிக்குதுன்னு சொல்வீங்க. மறுநாளைக்குப் புயல்னு நான் எழுதி, மறுநாள் காலையில ரேடியோவுல படிச்சிடுவேன். செவ்வாய்க்கிழமைப் புயலும் திங்கட்கிழமை உங்க முழங்கால் சொன்னதுதான்.

—அரசாங்கமே என் முழங்காலைத்தான்... அடேயப்பா! க்ளெப் இதைக் கேட்கணும். என் முழங்கால் பொய் சொல்லாதும்மா!

—அப்போ செவ்வாய்க்கிழமைப் புயல் நிஜம்?

—...அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கோ.

—ஐயா, சிக்கல் அது இல்ல. புத்தாண்டுலேர்ந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒரு நாள் விடாம புயல். பஸ் ஓட்டுறவர்லேர்ந்து மேயர் வரைக்கும் நெத்தியில ஈரத்துண்டோட படுத்திருக்காங்க. சூரியன் தூங்குது, உங்க ஊர்ல மட்டும் என்ன கூத்துன்னு மேலிடத்துல கேக்குறாங்க. என் வேலையே போயிடும். நிஜத்தைச் சொல்லுங்க... வலி தானாத்தான் வருதா?

—யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?

—தெரியுது ஐயா. காலையில எப்போ வருதுன்னு மட்டும் சொல்லுங்க.

—அந்த டீயைக் கொடு. உட்கார்றேன்.

—இந்தாங்க. எப்போ வருது?

—நீ ரேடியோவுல புயல்னு சொல்லி முடிச்சதும்.