பதினோராவது கேமராவின் படம்

அன்று மதியம் அந்தக் கிடங்கில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

வாசல் கேட்டில் காவலாளி. அவருக்கு ஒரு காது கேட்காது. மற்றக் காதில் எப்போதும் ரேடியோ.

கிடங்கு மேலாளர். பன்னிரண்டரைக்குச் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். விடுமுறை நாள் என்பதால் திரும்பி வரவில்லை.

என் தங்கையின் கணவர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன்.

நான்.

வேறு யாரும் இல்லை. பொருத்தி முடித்த கேமராக்கள் பத்து இருந்தன. ஆனால் பதிவுப் பெட்டியை இன்னும் இணைக்கவில்லை. அவை பார்த்ததெல்லாம் எங்கேயும் தங்கவில்லை.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மீதி புரியும். முன்பெல்லாம் ஒருவன் ஏணியில் நின்று கேமராவைத் திருப்புவான். இன்னொருவன் அலுவலக அறையில் டிவிக்கு முன் உட்கார்ந்துகொண்டு இடது, வலது, கொஞ்சம் கீழே என்று தொண்டை கிழியக் கத்துவான். இப்போது உள்ளங்கை அகலத்தில் டெஸ்டர் வந்துவிட்டது. கழுத்தில் தொங்கும். அதன் வயரைக் கேமராவில் செருகினால் போதும், ஏணியில் நின்றபடியே படத்தைப் பார்க்கலாம். வெளிச்சத்தில் திரை தெரியாது என்பதால் ஒரு செருப்பு டப்பாவை வெட்டி மறைப்புச் செய்து ஒட்டியிருந்தேன். போனிலும் பார்க்கலாம். ஆனால் போனில் படம் இரண்டு நொடி தாமதமாக வரும். எனக்கு அது பிடிக்காது.

திரை மட்டும் போதாது. ஓர் ஆள் வேண்டும். காலி இடத்தைப் பார்த்துக் கேமராவை வைப்பவன் வேலை தெரியாதவன். கீழே ஒருவர் நடக்க வேண்டும், குனிய வேண்டும், சுவரோரம் பின்வாங்க வேண்டும். முகம் எதுவரை தெரிகிறது, எங்கே வெறும் தலைமயிர், எங்கே ஆளே காணாமல் போகிறான் என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். நான்கு வருடமாக அந்த ஆள் மாப்பிள்ளைதான்.

“தெரியறேனா மச்சான்?”

“தெரியறீங்க. இன்னும் பின்னாடி போங்க.”

“இப்ப?”

“மூக்கு தெரியுது.”

“மூக்கு எல்லா எடத்துலயும் தெரியும் மச்சான், அது எங்க பரம்பரைச் சொத்து.”

எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கும். பின்னால் நடக்கும்போது அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பினால் முகம் போய்விடும். பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்வது என் பொறுப்பு. நான்கு வருடத்தில் அவர் ஒரு முறைகூட எதிலும் இடித்துக்கொண்டதில்லை. அந்த அளவுக்கு அவரைப் பார்த்துக்கொண்டேன். இதை அவருடைய அம்மாவிடம் யாராவது சொன்னால் நல்லது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் ஒரு பெரிய கட்டடத்தில் இரவுக் காவலில் இருந்தேன். பதினாறு கட்டங்கள் உள்ள திரையைப் பார்ப்பது வேலை. ஒன்பதாவது கட்டத்தில், படிக்கட்டில், துப்புரவு வேலை செய்யும் பெண் விழுந்தார். நான் அப்போது நான்காவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதினெட்டு நிமிடம் அங்கே கிடந்தார். பிறகு கிடக்கவில்லை, கொண்டுபோய்விட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அதோடு அந்த வேலை முடிந்தது.

தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது அவள் வீட்டு வாசலில் ஒரு கேமரா வைத்துக் கொடுத்தேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவள் ஒருமுறை சமையலறையில் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை. அதற்குப் பிறகு சமையலறைக் கடிகாரத்துக்குள் ஒன்று வைத்தேன். சொன்னால் வேண்டாம் என்பாள், அதனால் சொல்லவில்லை. பிறகு கூடம். பிறகு அவள் படுக்கும் அறை. தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையணை மட்டும் தெரிகிற மாதிரிதான் கோணம் வைத்தேன். மூச்சு விடுகிறாளா என்று பார்க்க அது போதும்.

மூன்று வருடம் பார்த்தேன். அவள் தும்மினால் எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கடிகாரம் நின்றுபோனதால் மாப்பிள்ளை பேட்டரி மாற்றக் கழற்றியிருக்கிறார். வேறு யாராவது என்றால் அது என்னவென்றே புரிந்திருக்காது. அவர் அன்றே மற்ற இரண்டையும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எதையும் கழற்றவில்லை. மறுநாள் வண்டியில் வயர்ச் சுருளை ஏற்றிக்கொண்டே சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

“இத நான் அவகிட்ட சொல்லல மச்சான். சொன்னா தாங்க மாட்டா. சின்ன வயசுலேருந்து அண்ணன் அண்ணன்னு உசுரா இருக்கறவ.”

நான் வயர்ச் சுருளின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க அக்கா இருக்கற ஊர்ல எனக்கு ஒரு வேல சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் கெளம்பறோம். அது வரைக்கும் நானா எதையும் கழட்டல, அவ சந்தேகப்படுவா. நீங்களே வந்து ஏதாவது சாக்கு சொல்லி எடுத்துடுங்க. அப்புறம் ஒரு நல்ல டாக்டரப் பாருங்க. வேணும்னா நானே கூட வரேன்.”

“இந்தக் கிடங்கு வேலை?”

“முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். பாதியில விட்டுட்டுப் போனா உங்களுக்கு யாரு நிப்பா?”

நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், அதனால் திரும்பவும் சொல்கிறேன். அவர் அவளைத் திரைக்கு வெளியே கொண்டுபோகப் பார்த்தார். அவ்வளவுதான்.

கிடங்கின் குளிர் அறைக்கு, உள்ளே மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க ஒரு கைப்பிடி உண்டு. அது வேலை செய்யவில்லை என்றும், யாரும் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்த வேண்டாம் என்றும் மேலாளர் முதல் நாளே சொன்னார். உன்கூட வேலை செய்பவரிடமும் சொல்லிவிடு என்றார். நான் அதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை. மறந்திருந்தேன்.

பிற்பாடு ஞாபகம் வந்தது.

மாலை காவலாளியிடம், மாப்பிள்ளை மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார் என்று சொன்னேன். அவர் ரேடியோவிலிருந்து தலையைத் தூக்காமல் கையை ஆட்டினார். மறுநாள் காலையில் மேலாளர் அறையைத் திறந்தார். எல்லாரும் விபத்து என்றார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டு, தாழும் தானாக விழுந்திருக்கும் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். நான் அழுதேன். பொய்யாக அழவில்லை.

என்னை மாட்டிவிட்டது என் டெஸ்டர். ஒவ்வொரு கேமராவையும் முடித்ததும் திரையில் இருப்பதைப் படமாகச் சேமித்து, வேலையை ஒப்படைக்கும்போது அச்செடுத்துக் கொடுப்போம். இந்தக் கேமராவில் இதுவரை தெரியும் என்பதற்கு அத்தாட்சி. ஆள் எல்லையில் நிற்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு வருடப் பழக்கம், விரல் தானாக அழுத்திவிட்டது. மேலாளரிடம் கொடுத்த கட்டில் பதினோராவது தாளில் மாப்பிள்ளை இருக்கிறார். குளிர் அறையின் வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, முகம் தெளிவாக, சிரித்தபடி. மூலையில் நேரம். அவர் கிளம்பிவிட்டார் என்று நான் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் பின்னால். நல்ல படம். கோணம் சரியாக அமைந்திருந்தது.

அன்று மாலை முழுவதும் தங்கையைப் போனில் பார்த்தேன். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், மணியைப் பார்த்தாள், அவருக்குப் போன் செய்தாள். பிறகு மடித்ததையெல்லாம் வெளியே எடுத்துத் திரும்ப மடித்தாள். பத்திரமாகத்தான் இருந்தாள். ஒரு நொடிகூட நான் கண்ணை எடுக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள இப்போது யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்தீர்களா?

கடைசியாக, கதவு. அதைத்தானே கேட்டீர்கள்.

பதினோராவது கேமரா குளிர் அறைக்கு எதிர்ச் சுவரில். நான் ஏணியில் இருந்தேன். சரக்குத் தள்ளுவண்டி போக வசதியாக அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். அவர் என்னைப் பார்த்தபடி பின்னால் நடந்தார்.

“தெரியறேனா?”

“தெரியறீங்க. இன்னும் போங்க. பின்னாடி ஒண்ணும் இல்ல.”

“சில்லுன்னு இருக்கு மச்சான். கல்யாண ஆல்பத்துக்குக்கூட நான் இவ்வளவு நேரம் நிக்கல.”

“இன்னும் ரெண்டு அடி. வலது பக்கம்.”

அவர் நகர்ந்தார். திரையில் தரையும் கதவும் மட்டும் இருந்தன.

“இப்ப?”

“இல்ல. இப்பத் தெரியல. அங்கயே நில்லுங்க.”

வயரைக் கழற்றினேன். ஏணியிலிருந்து இறங்கினேன். கதவு ஏழெட்டு அடி எடுத்து வைக்கிற தூரம்.

“வரட்டுமா மச்சான்?” என்றார் உள்ளேயிருந்து.

கதவைச் சத்தம் வராமல் சாத்தி, தாழைப் போட்டேன்.